ஸ்னூக்கர் மெஷினில் என் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மெஷின் என்னைப் பார்த்து “ஃபவுல்!” என்று கத்தியது.

மனிதர் யாராவது கத்தியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மெஷினிடம் என்ன கேட்பது? அதுவும் இங்கிலீஷ் மெஷின்... சுத்தமான சீமை உச்சரிப்பு வேறு.

இந்தப் பத்திரிகையில் போன வாரம் நான் எழுதிய பத்தியை வாசித்தவர்களுக்கு இது எந்த மெஷின் என்று தெரியும். வாசிக்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் அண்ணன் குணம், பாதி வாழ்க்கையை இங்கிலாந்தில் கழித்துவிட்டு வந்து, மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு சின்ன ஹோட்டல் போட்டிருக்கிறார். மேலே அறைகள், கீழே பார். இங்கிலாந்தில் அவர் வழக்கமாகப் போகும் பப் இழுத்து மூடப்பட்டபோது, அதன் கதிரை மேசைகளோடு மூலையில் நின்ற ஒரு வினாவிடை மெஷினையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். கதிரைகளும் மேசைகளும் எங்கள் உப்புக் காற்றில் ஆட்டம் கண்டுவிட்டன. மெஷின் மட்டும் கல்லுப்போல நிற்கிறது.

ஆள் உயரம் இருக்கும். திரையில் பச்சை ஸ்னூக்கர் மேசை. ஒரு கேள்வி வரும், நான்கு விடை வரும், நான்கு பொத்தான்கள். சரியானதை அமத்தினால் ஒரு சிவப்புப் பந்து குழிக்குள் விழும். அடுத்து ஒரு நிறப் பந்தை நாமே தெரிவு செய்யலாம். மஞ்சள் என்றால் சமையல், பச்சை என்றால் செடிகொடி, நீலம் விளையாட்டு... இப்படி. கறுப்பு? அதில் எதுவும் வரலாம், கஷ்டமாகவே வரும், புள்ளியும் அதற்குத்தான் அதிகம். பிழைவிட்டால் ஃபவுல். மூன்றாவது ஃபவுலோடு ஆட்டம் முடிந்தது. யோசிக்கத் தருவது, சுடச்சுடத் தேத்தண்ணியை ஒரு மிடறு விழுங்கும் நேரம்தான்.

கடைசியில், அதிக புள்ளி எடுத்தவர்களின் பெயர்களைத் திரையில் காட்டும். ஒரு பெயருக்கு மூன்றே மூன்று எழுத்து. முதலிடத்தில் நிற்பவர் டேவ். அந்தப் பப்புக்கு நாள் தவறாமல் வந்தவராம். ஒருத்தரோடும் பேசமாட்டாராம். ஒரு கிளாஸ் பியரோடு வந்து மெஷினுக்கு முன்னால் நின்று, தனியே விளையாடிவிட்டுத் தனியே போய்விடுவாராம்.

“டேவை அடிக்க ஆளில்ல மச்சான்,” என்றார் குணம். “அங்கயும் இல்ல. இஞ்சயும் இல்ல.”

‘இஞ்சயும்’ என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

பாடசாலைகளில் பொது அறிவுப் போட்டி வைத்தால் கேள்வி கேட்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். விடைகள் எழுதிய தாள் என் கையில் இருக்கும்வரை, உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். குணத்தின் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்துதான் வாராவாரம் உங்களுக்கு இதை எழுதுகிறேன். வீடு அவர்களுடையது, கிணறு அவர்களுடையது, வாசலில் நிற்கும் மாமரம்கூட அவர்களுடையது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பது என் பொது அறிவு ஒன்றுதான்!

அதையும் மச்சான் சந்தேகப்பட்டால் சும்மா இருக்க முடியுமா? போன வாரம் எழுதிவிட்டேன். ‘வருகிற ஞாயிறு, டேவின் பெயருக்கு மேலே என் பெயர் ஏறும். ஏறாவிட்டால் இந்தப் பத்தியை வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்’ என்று.

பத்திரிகை வந்த அன்று காலை, மனைவி அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

“இஞ்சேருங்க, தோத்தா நான் என்னெண்டு சந்தைக்குப் போறது?”

“தோக்கமாட்டன்.”

“அந்த மெஷின்ட பிளக் எங்க இரிக்கி எண்டாவது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது.

ஞாயிறு பின்னேரம் போனால், பார் நிறைய ஆட்கள். எனக்கு இத்தனை வாசகர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. வேறு நாளாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். குருக்கள்மடம் கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். உன்னிச்சையிலிருந்து கந்தப்போடியார் வந்திருந்தார். ஒரு வட்டை வயல்வெளி முழுக்கச் சொந்தமாக வைத்திருப்பவர், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். அவர் தலைமையில்லாமல் அந்தப் பக்கம் கோயில் கூட்டம் ஒன்றும் நடக்காது. மெஷினுக்குக் கரண்ட் வேலை செய்து கொடுத்த ஏறாவூர் நிசார் காக்கா, வெளியே ஜன்னலோரம் ஒரு சோடாவோடு நின்றார்.

“உள்ளுக்கு வாங்களன் காக்கா,” என்றேன்.

“பாருக்குள்ள நான் வேலைக்கு மட்டும்தான் தம்பி வருவன். வேலை முடிஞ்சி. ஜன்னலால பாத்துட்டுப் போறன்.”

குணம் மெஷினைப் போட்டார். “வாங்க மச்சான், துவங்குங்க.”

“சேச்சே... நான் என்னத்துக்கு? வந்த ஆக்கள் ஆராவது விளையாடட்டும்.”

“இல்ல மச்சான், நீங்கதான்.”

“போடியார் ஐயா இரிக்கக்க நான்...”

“அட, வாங்க மச்சான்!”

போனேன். நான் அதற்குத்தான் வந்தேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதல் அழைப்பிலேயே போய் நின்றால் அது மரியாதையா? சாப்பாட்டுப் பந்தியில் இரண்டாம் தரம் சோறு போட வந்தால் கையால் தட்டை மறைக்கிறோமே, அந்தப் பழக்கம். இரண்டு முறை வேண்டாம் என்பது, மூன்றாம் முறை வேறு வழியில்லாமல் சம்மதிப்பது. மட்டக்களப்பில் பிறந்த எவனும் இதைப் பால்குடி காலத்திலேயே படித்துவிடுகிறான்.

முதல் கேள்வி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ்காரர் மாட்டிறைச்சி ரோஸ்டோடு எந்தப் புடிங்கைச் சாப்பிடுவார்கள்?

இறைச்சியோடு புடிங்கா? கல்யாண வீடுகளில் பிரியாணி எல்லாம் முடிந்த பிறகு சின்னக் கோப்பையில் இனிப்பாக வருமே, அதையா? எதற்கும் இருக்கட்டும் என்று பாண் புடிங்கை அமத்தினேன்.

“ஃபவுல்!”

“அது இனிப்பே இல்ல மச்சான்,” என்று குணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யோர்க்‌ஷயர் புடிங். மாவில செய்யிற தோசை மாதிரி ஒரு சாமான்.”

இரண்டாம் கேள்வி: ஸ்னூக்கரில் சிவப்புப் பந்துக்கு எத்தனை புள்ளி?

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்து கரம் போர்ட் விளையாடி வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? சிவப்பு என்றால் ராணி. போர்டிலேயே பெரிய மரியாதை அதற்குத்தான். இருந்ததில் ஆகப் பெரிய இலக்கத்தைப் பார்த்து அமத்திவிட்டு, திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தேன்.

“ஃபவுல்!”

ஸ்னூக்கரில் ஆகக் குறைந்த பந்து சிவப்புத்தானாம். ஒரே ஒரு புள்ளி. ராணியை இப்படியா நடத்துவது?

இனி ஒரு பிழைதான் மிச்சம். நான் போன வாரம் எழுதிய ஒவ்வொரு வரியும் ஞாபகத்துக்கு வந்தது. வாசிப்பதை நிறுத்திவிடுங்கள் என்று யார் என்னை எழுதச் சொன்னது? வேட்டி வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

அப்போது பின்னாலிருந்து கந்தப்போடியாரின் குரல் வந்தது.

“நில்லுங்க தம்பி. தனிய நிண்டு முடிவெடுக்கிறதுதான் பிழை. நாலு பேரைக் கேட்டுச் செய்யணும்.”

கதிரையை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். கோயில் கூட்டம் தொடங்கிவிட்டது.

அடுத்த கேள்வி, கறுவா என்பது மரத்தின் எந்தப் பாகம் என்று வந்தது. பார் முழுக்க “பட்டை! பட்டை!” என்று கத்துகிறது. போடியார் கையை உயர்த்தினார்.

“சத்தம் போடாதங்க. ஒவ்வொரு ஆளாச் சொல்லுங்க. குருக்கள்மடத்து ஆக்கள் என்ன சொல்றயள்?”

“பட்டை ஐயா.”

“ஜன்னலில நிக்கிற காக்கா?”

“பட்டைதான் போடியார், கெதியா அமத்தச் சொல்லுங்க, நேரம் போகுது!”

“குணம் தம்பி?”

திரையில் விநாடிகள் ஓடி முடிகிற அந்தர அவசரத்தில், குணத்தின் அபிப்பிராயத்தைக் கேட்காமலே அமத்திவிட்டேன். முதல் சிவப்பு குழிக்குள் விழுந்தது. குணத்தைக் கேட்காதது முறையில்லை என்று போடியார் என்னைக் கடிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நானே நம்பவில்லை. கிரிக்கெட் வந்தால் குருக்கள்மடத்து வேன். கரண்ட், மோட்டார் என்று வந்தால் ஜன்னல். செடிகொடி, மாடு, மழை எல்லாம் போடியார். கூட்டமும் கெதியாக நடக்கப் பழகிவிட்டது. போடியார் விரலை நீட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் வரும்.

இங்கிலீஷ் டீவி நாடகம் ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி வந்தபோது மட்டும் எல்லோரும் விழித்தோம். குணம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தோற்க வேண்டும் என்று அதுவரை ஆசைப்பட்டவர் அவர்தானே? திடீரென்று என் தோளைப் பிடித்தார்.

“ரெண்டாவது மச்சான்! ரெண்டாவத அமத்துங்க! வேலை முடிஞ்சி வந்து ஒவ்வொரு கிழமையும் தனிய இருந்து பாத்தது!”

சரியாக இருந்தது. அதன் பிறகு எங்கள் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தியவர் அவர்தான். இந்த மெஷினைச் செய்தவன் ஒற்றை மனிதனுக்கென்றுதான் செய்திருக்கிறான். நிற்க ஒருவருக்கு இடம், அமத்த ஒருவருக்குப் பொத்தான். டேவ் அங்கே நின்றார், பக்கத்து மேசையில் குணம் இருந்தார், இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. எங்கள் ஊரில் ஒரு மனிதனைத் தனியாகத் தோற்கக்கூட விடமாட்டார்கள். இது நல்லதா கெட்டதா என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

ஏனென்றால் டேவைத் தாண்ட ஒரேயொரு கறுப்புப் பந்துதான் பாக்கி.

கேள்வி வந்தது. பழத்துக்கு வெளியே தொங்கும் கொட்டை எது? வால்நட், பாதாம், கஜு, செஸ்ட்நட்.

எங்கள் பக்கத்தில் வேலிக்கு வேலி கஜு காய்க்கும் முந்திரி மரம். எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் பொது அறிவு சும்மா இருக்குமா? கறுப்புப் பந்துக்கு இவ்வளவு லேசாகக் கேட்பார்களா... இதில் ஏதோ சூது இருக்கிறது... வால்நட்டாக இருக்குமோ... என் விரல் வால்நட்டுக்குப் போனது.

“என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” அவசரப்படாதே என்று ஆயுள் முழுக்கச் சொன்ன கந்தப்போடியார் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். “ஆரையும் கேக்கத் தேவல்ல! கஜுவ அமத்துகா!”

அமத்தினேன்.

மெஷினுக்குள்ளிருந்து இங்கிலீஷ் கைதட்டல். வெளியே எங்கள் கைதட்டல். நிசார் காக்கா ஜன்னலுக்குள் பாதி உடம்பை விட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குணம் என்னைக் கட்டிப்பிடித்தார். டேவ் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார்.

திரையில் மூன்று பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ‘ஏ’ என்ற இங்கிலீஷ் எழுத்து. பொத்தானை அமத்தி அதை மாற்றி நம் பெயரைப் போட வேண்டும்.

இந்த நேரத்துக்காகத்தான் ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் கிடந்தேன். என் விரல் பொத்தானின்மேல் இருந்தது. ஆனால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, மிகவும் அடக்கமாகக் கேட்டேன்: “அப்ப... ஆர்ட பேரைப் போடுவம்?”

“உங்கட பேர்தான் சேர்!” என்றது வேன்.

“சேச்சே... எல்லாரும் சேந்து எடுத்த புள்ளி. என்ட பேர் என்னத்துக்கு?”

“உங்கட பேர்தான் தம்பி போடணும்,” என்றார் போடியார்.

“இல்ல ஐயா, போடியார் நீங்க இரிக்கக்க நான்...”

குணம் வாயைத் திறந்தார். மூன்றாம் முறை. ‘அட, போடுங்க மச்சான்’ என்று சொல்லத்தான் திறந்தார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் முகத்தில் வேறு வழியில்லாமல் சம்மதிக்கும் அந்தச் சிரிப்பைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

டிங் என்று ஒரு சத்தம். பெட்டிகள் மறைந்துவிட்டன. பெயர் போடும் நேரம் முடிந்துவிட்டதாம்.

முதலிடம்: ஏ, ஏ, ஏ.

அந்த மெஷினுக்கு ஆயிரம் விஷயம் தெரியும். எங்கள் ஊரில் மூன்றாம் தரம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் புள்ளியை இனி யாரும் தாண்டப் போவதில்லை என்கிறார் குணம். பாருக்கு வருகிற புது ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, மெஷின் செய்த கம்பெனிக்காரர் சும்மா போட்டு வைத்த எழுத்து என்று நினைத்துக்கொள்கிறார்களாம். எனவே வாசகர்களே, பத்தியை வாசிப்பதை நிறுத்துவதா இல்லையா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஏறியது நாங்கள்தான். என் பெயர்தான் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. இடியப்பமும் இறால் குழம்பும் எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடிகிற நேரம், “இன்னும் ரெண்டு...” என்று தொடங்கினாள்.

அவள் கேட்டு முடிக்கும் முன்பே “ஓம், வை” என்றேன்.