நேசன் மாமா பாதியில் நிறுத்திய ஆகாயக் கப்பல்

பழைய தேயிலைப் பெட்டியைத் திறந்தால் ஒரு மணம் வருமே... அந்தப் புத்தகத்திலும் அதே மணம்தான்.

ஏதோ ஒரு எஸ்டேட் துரை பங்களாவில் கிடந்து, கண்டி டவுனில் பழைய புத்தகக் கடைக்கு வந்து, அங்கிருந்து நேசன் மாமாவின் கைக்கு வந்த இங்கிலிஷ் கதைப் புத்தகம். அட்டையில் ஒரு கப்பல். அதற்குக் கீழே கடல் இல்லை, மேகம். நடுவில் புகைபோக்கி, பக்கத்தில் பித்தளைச் சக்கரங்கள்... பார்த்தவுடனேயே நான் விழுந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி, நாடு முழுக்கக் கலவரமும் ஊரடங்குமான காலம். எனக்குப் பத்து வயது. அப்பாவின் வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். நேசன் மாமா சொந்தக்காரர் இல்லை. அப்பாவோடு ஒரே கந்தோரில் வேலை, பிளான் கீறுகிறவர். ஆறேழு மைல் தள்ளி வத்தேகமயில் ஒரு அறை எடுத்து மாமியோடு இருந்தார். மாமிக்கு அப்போது ஏழு மாதம்.

ஒரு வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டு, அந்தப் புத்தகமும் கையுமாக அப்பாவோடு தேத்தண்ணி குடிக்க வந்தவர். கோப்பையைக் கீழே வைக்க முதல் ரேடியோவில் ஊரடங்கு என்று சொன்னார்கள். அவ்வளவுதான், எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தவரை நான் விடவில்லை. நான் கொடுத்த அரியண்டத்தில் புத்தகத்தை விரித்து, வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். சனி முழுக்க... ஞாயிறு முழுக்க...

அந்தக் கதையின் உலகத்தில் பெற்றோல் என்று ஒரு சாமானே இல்லை. எல்லாம் நீராவி. சரித்திரத்தில் தோற்றவர்கள் அங்கே வென்றிருப்பார்கள். வென்றவர்கள் ஒளித்துத் திரிவார்கள். எலிசா என்று ஒரு பிள்ளை, என் வயதுதான், சிறைபிடிக்கப்பட்ட தகப்பனைத் தேடி ஓட்டைக் கப்பல் ஒன்றில் ஆகாயத்தில் போகிறாள். முன்னால் பனிமலை. நிலக்கரி முடிந்துகொண்டு வருகிறது.

“எப்பிடி மாமா மலை ஏறும்?”

“கடுகண்ணாவை ஏத்தத்தில கோச்சிக்குப் பின்னால இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளுவினமெல்லே. அப்பிடி ஏதும் செய்வாள்.”

“கடைசியில தகப்பனைக் கண்டுபிடிப்பாளோ?”

“எனக்கும் தெரியாது பிள்ளை. நானும் உன்னோடதான் வாசிச்சுக்கொண்டு போறன்.”

அப்பாவும் பழைய பேப்பரை விரித்தபடி காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். “எங்கட சரித்திரமும் கொஞ்சம் மாறி நடந்திருந்தா, நீ இப்ப உன்ர வீட்டில இருந்திருப்பாய் நேசன்” என்றார். மாமா சிரித்தார். பிறகு எழும்பிப் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். வத்தேகமயில் மாமி தனிய. விசாரிக்க ஒரு போன் கூட இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, ஊரடங்கு இன்னும் ஒரு நாள் நீள வேண்டும் என்று கும்பிட்டேன். சத்தியமாக.

நீண்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தா. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். இரண்டே மணித்தியாலம். பன்னிரண்டுக்குத் திரும்பப் போடுவார்கள். பஸ் ஓடாது. அப்பா தன் சைக்கிளுக்குக் காற்றடித்து வாசலில் வைத்தார்.

நான் புத்தகத்தை எடுத்து என் ஸ்கூல் பேக்குக்குள் ஒளித்தேன். புத்தகம் இல்லாமல் மாமா போகமாட்டார்... பத்து வயதுக் கணக்கு.

ஆனால் மாமா தேடியது அதற்குள் இருந்த ஐடென்டிட்டி கார்டை. எந்த நேரமும் கிட்ட இருக்க வேண்டும் என்று, வாசித்த பக்கத்துக்கு அடையாளமாக அதையே செருகி வைத்திருந்தார். கார்ட் இல்லாமல் ஒரு செக்பொயின்றையும் தாண்ட ஏலாது. அதுவும் தமிழ் ஆள்.

எனக்கு அது உறைத்தபோது வீடே தலைகீழாகிக்கொண்டிருந்தது. அம்மா அலுமாரியைக் கொட்டினா. அப்பா மெத்தையைப் புரட்டினார். பத்தேகால்... பத்தரை... முதலில் ஆசையில் பேசாமல் இருந்தவள், பிறகு பயத்தில் பேசாமல் நின்றேன்.

மாமா வாசற்படியில் இருந்துவிட்டார். “அவள் என்னைப் பாத்துக்கொண்டு இருப்பாள்” என்றார். யாரிடமும் இல்லை, சும்மா.

போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம்.

அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். “விடுங்கோ அண்ணை. நான்தான் அவளின்ர பேக்குக்குள்ள வச்சனான். மறந்துபோனன்” என்றார் மாமா. எனக்கு விழ வேண்டிய ஏச்சு முழுக்க அவருக்கு விழுந்தது.

கார்டை உருவிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு சைக்கிளில் ஏறினார். கேற்றடியில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை, எலிசா தகப்பனைக் கண்டுபிடிச்சிட்டாள். ரெண்டு பேரும் பத்திரமா வீட்ட வந்து சேர்ந்திட்டினம். சரியோ?”

போய்விட்டார்.

வியாழக்கிழமை கந்தோரிலிருந்து அப்பாவோடு சைக்கிள் திரும்பி வந்தது. திங்கட்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்க மாமா மாமியிடம் போய்ச் சேர்ந்தாராம். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பிறகு அவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கம் தாண்டவில்லை. அடுத்த வருஷம் வீடு மாறியதில் அதுவும் தொலைந்துபோனது.

கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தபோது இதை என் மகளுக்குச் சொன்னேன். அவளின் டப்லெட்டில் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஊரடங்கு எப்போது முடியும் என்றுதான் அவளுக்கு அரியண்டம். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, அவர் பாதிதானே வாசிச்சவர். முடிவு எப்பிடித் தெரியும்?”

இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றவே இல்லை.

“பேரைச் சொல்லுங்கோ, தேடிப் பாப்பம்” என்று போனை எடுத்தாள். இப்போது எந்தப் புத்தகத்தையும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம். பெயர் எனக்கு நல்ல ஞாபகம். சொல்லவில்லை.

அன்றைக்கு அவரிடம் இருந்ததே இரண்டு மணித்தியாலம். அதில் ஐம்பது நிமிஷத்தை நான் ஒளித்து வைத்தேன். மிச்சத்தில் ஒரு நிமிஷம் எடுத்து எனக்கு முடிவு சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த முடிவே இருக்கட்டும்.