சித்தியின் வாய், கிறுக்கனின் கை

வீட்டில் அவனுக்குக் கிறுக்கன் என்றுதான் பெயர். பென்சில் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து சுவர், மேசை, பாடப்புத்தகத்தின் ஓரம், அப்பாவின் பஸ் டிக்கெட் என்று எதையும் விட்டுவைக்காமல் கிறுக்கித் தள்ளியதால் சித்தி வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அதே பெயரை வேறு அர்த்தத்தில் கூப்பிட்டார்கள். அவன் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தான்.

சித்தி, அம்மாவின் தங்கை. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் அவள் கணவர் கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை. விபத்து எதுவும் இல்லை, வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சித்தி ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்மேசை வேலை கிடைத்தது. நோயாளிகளின் பேரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். அவள் வாய்க்கு அந்த வேலை தோதாக அமைந்துவிட்டது. வரிசையில் காத்திருந்தவர்களையெல்லாம் தாண்டி வந்து ஒருவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தபோது, "உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார், முன்னாடி இருக்கிற காலி எடம் வாசல்லேருந்தே தெரிஞ்சிருச்சே" என்றாளாம். அந்த மனிதரே சிரித்துவிட்டுப் பின்னால் போய் நின்றாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவள் நடித்துக் காட்டுவாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அதிகம் பேசாத கிறுக்கன் மூலையில் உட்கார்ந்து அவள் கொண்டையையும், தலைக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடியையும், இடுப்பில் ஊன்றிய கையையும் வரைந்துகொண்டிருப்பான்.

படிப்பு முடிந்து ஒரு விசிட்டிங் கார்டு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யார் யாருடைய பேரையோ பெரிதாக்குவான், சிறிதாக்குவான். அழகாக ஏதாவது வரைந்து சேர்த்தால், படமெல்லாம் யார் கேட்டது என்று முதலாளி அழிக்கச் சொல்வார். அவன் முகம் தொங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் சித்திதான் கேட்டாள்: "ஊரான் பேரையே எத்தனை நாளைக்குடா பெருசு பண்ணிக்கிட்டிருப்ப?"

வேலையை விட்டான். அப்பா கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி காயப்போடும் பின்னறையில் கோப்பைகளில் படம் பதிக்கும் பழைய இயந்திரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்செடுத்து, தாளைக் கோப்பையின் மேல் சுருக்கமில்லாமல் இறுக்கிச் சுற்றி, இயந்திரத்தின் வாயில் கொடுத்துச் சூடேற்ற வேண்டும். சூடு கூடினால் கறுப்பு பழுப்பாகும். தாள் இம்மியளவு நகர்ந்தால் கோடு இரட்டையாகும். கற்றுக்கொள்வதற்குள் வீட்டில் எல்லோரும் பேய் மாதிரி படம் விழுந்த கோப்பைகளில் குடித்தார்கள்.

நிலாவும் பறவையும் பூவும் வரைந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா அவசரத்தில் போட்டுக் கொடுத்த டீயைச் சித்தி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "டீத்தூள் சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கு." அவன் எழுந்து பின்னறைக்குப் போனான். கொண்டை, கண்ணாடி, இடுப்பில் கை, அடியில் அந்த ஒற்றை வரி. கோப்பையின் சூடு ஆறுவதற்குள் சித்தியிடம் கொண்டுவந்து நீட்டினான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு என்று குறை சொன்னாள். பிறகு அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை காட்டினாள்.

அந்தக் கோப்பைதான் ஓடியது. அதில் கொஞ்சம் விற்க வாங்கி வைத்த கடைத்தெருப் பரிசுப்பொருள் கடைக்காரர் இன்னும் இருக்கிறதா என்று ஆள் அனுப்பினார். 'நான் கோவமா இல்ல. கோவமா இருந்தா நீ இங்க இருக்க மாட்ட' என்று அடுத்தது. 'வரேன்னு சொன்னது நெசம். இன்னிக்குன்னு சொன்னேனா?' என்று இன்னொன்று. அதைத் தையல்காரர்கள்கூட வாங்கிக் கடையில் மாட்டினார்கள். எல்லாவற்றின் அடியிலும் சின்னதாகக் 'கிறுக்கன்' என்று இருக்கும். எந்தக் கோப்பையும் முதலில் சித்தியின் கைக்குத்தான் போகும். வாய் அவளுது, கை அவனுது என்று அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

வருஷக் கடைசி நெருங்கியபோது கடைக்காரர் புதிதாக ஒன்று கேட்டார். பழசையே எத்தனை தரம் அடுக்குவது, ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்றார். கிறுக்கனுக்கு எதுவும் வரவில்லை. வரைந்து வரைந்து கிழித்தான். அப்போதுதான் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

அவன் சிறுவனாக இருந்தபோது கேட்டது. யாரோ உறவுக்காரம்மாள் வந்துவிட்டு, போகிற போக்கில், உன் வீட்டுக்காரரிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்த சித்தி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சு நிமிஷத்துல வரேன்னுதான் போனாரு. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகல." அம்மா சிரித்தாள், உடனே அழுதாள். சித்தி அழவில்லை. அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை அவள் சொல்லி அவன் கேட்டதில்லை.

வரைந்தான். இந்த முறை இடுப்பில் கை இல்லை. ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறாள். மடியில் கைப்பை. அடியில் அந்த வரி. அவன் வரைந்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது. அதை அவனே உணர்ந்தான், அதுதான் வினை. சித்தி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்க் காட்ட நாலு அடிகூட இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது, படிக்கிறவர்கள் தாமதமாக வரும் சிநேகிதனைத்தானே நினைப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகு இயந்திரத்தைப் போட்டான்.

அவன் நினைத்ததுபோலவேதான் நடந்தது. தாமதமாக வருகிறவர்களுக்கெல்லாம் ஜனங்கள் அதை வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ படம் பிடித்துப் போட, அது போனுக்குப் போன் பறந்தது. பெரிய கடைகளிலிருந்து கேட்டு வந்தார்கள். அப்பாவே கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். அம்மா மட்டும் கோப்பையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதை அலமாரியின் பின்வரிசையில், எட்டாத இடத்தில் வைத்தாள். அப்போதாவது அவன் நிறுத்தியிருக்கலாம்.

நடந்ததை ஆஸ்பத்திரியில் சித்தியோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் பின்னால் அறிந்தான். கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்த ஒரு நோயாளியின் மகள் நன்றி சொல்லி எல்லோருக்கும் அந்தக் கோப்பைகளையே வாங்கி வந்தாள். முன்மேசையில் வைத்துப் பிரித்தார்கள். நர்ஸ் உரக்கப் படித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாளாம். பிறகு தலைக்கு மேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, அடுத்தவர் பேரைத் தப்பாகக் கூப்பிட்டாளாம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் திட்டவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். திட்டு எப்போது விழும் என்று அவன் நாள்கணக்கில் காத்திருந்தான். விழவில்லை. வேறொன்று நடந்தது. சமையலறையில் அவளும் அம்மாவும் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அவன் உள்ளே வந்ததும் சித்தி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "சாப்பிடறியா?" என்பாள். அவ்வளவுதான். அவன் கேட்டதற்கு ஆமாம், இல்லை. வீட்டுக்கு வந்த அந்நியரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். அவனைக் கிறுக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

அவனால் சாப்பிட முடியவில்லை, வரையவும் முடியவில்லை. கடைக்காரரிடம் போய் அந்தக் கோப்பைகளையெல்லாம் திருப்பிக் கேட்டான். ஓடுகிற குதிரையின் காலை எவனாவது உடைப்பானா, உனக்கு நிஜமாகவே கிறுக்குத்தான் என்றார் அவர். மிச்சமிருந்தவற்றை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தான். போன்களில் பறந்துகொண்டிருந்ததை எந்தப் பெட்டியில் அள்ளுவது?

சித்தி பின்னறையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தான்.

"சித்தி, அந்தக் கோப்பையை நிறுத்திட்டேன்."

"ஏன், விக்கலையா?"

"நல்லா வித்துச்சு."

அவள் கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவி உதறினாள்.

"தப்புப் பண்ணிட்டேன் சித்தி. உன்கிட்டக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல."

அவள் சட்டையை மடித்து முடிக்கும்வரை நின்றான்.

"மத்ததெல்லாம் ஊருக்குச் சொன்னதுடா. யார் வேணா எடுத்துக்கலாம். அது உங்கம்மா முன்னாடி அழக்கூடாதுன்னு சொன்னது" என்றாள். குரலில் கோபம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, பெட்டியைச் சுற்றி நடந்து உள்ளே போனாள்.

அதன் பிறகு அவன் சித்தியை வரையவில்லை. பஸ்ஸைத் தவறவிடுகிற, யாராவது பேரைக் கேட்டாலே திக்குகிற ஒரு பையனை வரைந்தான். அது அவனேதான். மெல்லத்தான் விற்றது, ஆனால் விற்றது. இன்று கடைத்தெருவின் பின்பக்கம் அவனுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. தாள் சுற்றவும் பெட்டி கட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். திறப்பு நாளில் சித்தியும் வந்தாள். அலமாரி அலமாரியாகப் பார்த்தாள். பஸ் பையன் கோப்பையைக் கையில் எடுத்து, மூக்கு சரியாக இருக்கிறது என்றாள்.

சில சமயம் கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். சொந்தமாக எப்படித் தொழில் தொடங்கினீர்கள், இப்படிப்பட்ட வரிகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டிலிருந்துதான் என்று சொல்வான். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் முடியும்வரை அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சித்தி இப்போது அவனோடு பேசுகிறாள். பட்டறையைப் பற்றி விசாரிக்கிறாள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். ஆனால் ஆஸ்பத்திரிக் கதைகள் இன்னும் அம்மாவுக்கு மட்டும்தான். சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது சில நாள் சமையலறையிலிருந்து அவள் யார் மாதிரியோ பேசிக்காட்டுகிற குரல் கேட்கும். அவன் வாசலிலேயே நின்றுவிடுவான். சத்தமில்லாமல் பையை இறக்கி வைத்துவிட்டு, காதில் எதுவும் விழாத தூரத்துக்குத் தெருவில் இறங்கி நடப்பான். கதை முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகுதான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவான்.