பஸ்ஸில் தூங்கும் பதினோரு பேர்

என் தங்கை வேல்விழி 2016 ஜூன் மாதம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தாள். போன் பாகங்கள் செய்யும் கம்பெனி, பிள்ளைப்பாக்கத்தில் ஹாஸ்டல். நான் மூன்று வருஷம் முன்பே வந்து படப்பையில் குடியிருந்தேன்.

ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண்களுக்குப் பிறந்தநாள் என்றால் வேல்விழி அவர்கள் முகத்தை வரைந்து கொடுப்பாள். ஆளுக்கொரு ஷிஃப்ட் என்பதால் எதிரே உட்கார வைத்து வரைய முடியாது. கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையை வாங்கி, அதிலுள்ள போட்டோவைப் பார்த்து வரைவாள். ஒரு கோடு பிசகாது. அதற்கு மேல் ஓவியம் கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.

அறைத்தோழி சுகப்பிரியாதான் ஒருநாள் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்குட்டி. ஆனா எல்லாரும் போலீஸக் கண்ட மாதிரில்லா முழிக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். வேல்விழி சிரிக்கவில்லை. அவை வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எடுத்த போட்டோக்கள். அத்தனையும் பயந்த முகங்கள்.

அன்றோடு அட்டையை விட்டாள். கம்பெனியில் வரிசையாக நின்று வேலை செய்யும் லைனில் தொப்பி, மாஸ்க், நீளக் கோட்டு. கண் மட்டும்தான் தெரியும். தோளையும் நிற்கும் விதத்தையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். இரண்டு வருஷம் அவற்றையே வரைந்தாள்.

"எங்கட்டி மூஞ்சியக் காணோம்?" என்றேன்.

"வரும்க்கா."

கம்பெனி பஸ்ஸில் வந்தது. மாஸ்க்கைக் கழற்றியதும் தூங்கிவிடும் முகங்களை மனதில் ஏற்றிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினாள். பென்சில் கோடு போய், அகலப் பிரஷ்ஷின் இழுப்பு வந்தது. கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டு. நாலரை அடி தள்ளி நின்றால் ஆள் தெரியும். டேப் வைத்து அளந்திருக்கிறேன்.

போன வருஷம் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு, பதினோரு பெண்கள் தூங்கும் ஐந்தடிப் படத்தைக் கேட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி வரும். "பதினோரு பேரும் சரின்னு சொல்லாம குடுக்க மாட்டேன்" என்று நின்றாள் வேல்விழி. பத்துப் பேர் சரி என்றார்கள். மிச்சம் செங்கமலம், பிள்ளைப்பாக்கத்துப் பெண். ஞாயிறன்று அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். படத்தில் அவள்தான் நடுவில், வாயைத் திறந்தபடி.

வண்டி கீழே நிற்கும்போதுதான் செங்கமலம் ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"இன்னாடி இது? ஈ பூந்தாகூடத் தெரியாது போல கீது!"

"வேண்டாம்னா சொல்லிரு. அனுப்பல."

செங்கமலம் கிட்டே போனாள். பின்னால் தள்ளி வந்து நின்று பார்த்தாள்.

"இவ்ளோ நிம்மதியாவாடி தூங்குறேன் நானு?"

"தெனமும்."

"அப்ப அனுப்புடி. மாப்ள வூட்டாரயும் அங்கியே போயி பாக்கச் சொல்றேன். பஜ்ஜி சொஜ்ஜி செலவு மிச்சம்!"

வேல்விழி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நான் நான்கு மூலைக்கும் ஸ்பாஞ்சு வைத்து, பிளாஸ்டிக் தாளை மூன்று சுற்று சுற்றி ஒட்டினேன். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் செங்கமலமுமாகப் படியிறக்கினோம். வளைவில் லேசாக இடித்துவிட்டேன்.

"மெதுவாக்கா," என்றாள் செங்கமலம், "நான் முழிச்சிக்கப் போறேன்!"