தலைவரின் வீட்டுக்காரர்

போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர். தேர்தலில் ஜெயித்த பெண்ணின் முகம் தபால் தலை அளவுக்கு. அவர் கணவரின் முகம் ஆள் உயரத்துக்கு. புது ஃபிளெக்ஸில் அடிக்குமே ஒரு மண்ணெண்ணெய் வாடை, அது மூக்கில் ஏறியதும் எனக்கு வசந்தா அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

2006இல் குமராட்சிப் பக்கம் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. வேலை என்ன வேலை, பாதி நேரம் ஃபேனுக்கு அடியில் இடம் பிடிப்பதுதான். பெண்களுக்கு ஒதுக்கிய அந்த ஊராட்சியில் வசந்தா அக்கா தலைவராக ஜெயித்திருந்தார். முதல் கூட்டத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்தது அவர் வீட்டுக்காரர். அக்கா கதவோரம் நின்றார். எல்லாரும் அந்த ஆளைத்தான் "தலைவரே" என்றார்கள். நாக்கு கூசவில்லை ஒருவருக்கும்.

பிறகு கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. வீட்டுக்காரர் கட்சி வேலை என்று கடலூர் போயிருந்தார். அக்காவே முழங்கால் தண்ணீரில் இறங்கி, கரைக்கு மணல் மூட்டை அடுக்க வைத்தார். பள்ளிக்கூடத்தைத் திறந்து சனங்களைத் தங்க வைத்தார். தண்ணீர் வடிந்ததும் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுந்திரு, ஆளுங்க வந்துருக்காங்க" என்றார் வீட்டுக்காரர்.

"வரட்டும், நானே பேசுறேன். நீங்க அந்த பெஞ்சுல ஒக்காருங்க."

அதன் பிறகு அலுவலகத்தில் பெண்கள் கூட்டம்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுவார்கள். சண்டைக்கு நடுவே எனக்கு மாப்பிள்ளையும் பார்ப்பார்கள்.

2011இல் ஆட்சி மாறியது. கரை வேட்டிகளும் மாறின. ஊராட்சித் தேர்தலுக்காகக் கட்சிக்காரர்கள் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி, கட்சி நிர்வாகி ஒருவரின் மனைவியை நிறுத்துவதாக முடிவு செய்தார்கள்.

"அஞ்சு வருசம் வேல பாத்தது நானு. அவுங்க ஊட்ட வுட்டு வெளியில வந்ததே இல்லியே?" என்று அக்கா கேட்டார்.

அந்த நிர்வாகி சிரித்தார். "அதனாலதாம்மா அவுங்க."

அக்கா தனியாக நின்றார். எதிர்த்தரப்பு ஆட்டோவில் மைக் பிடித்தது அவருடைய வீட்டுக்காரரேதான். அக்கா தோற்றுப்போனார். தோற்கடித்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

மனைவி பதவியேற்ற அன்றே நிர்வாகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புதுத் தலைவரின் முகத்தை நான் அங்கிருந்த வரை பார்க்கவே இல்லை. சண்டை போட வந்த பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால், வீட்டு ஆம்பிளையிடம் மனு கொடுத்தனுப்பினார்கள்.