வெள்ளிக்கிழமை விரதம் இருந்த என்ஜின்

பிரெஞ்சுக்காரன் ஊரைக் கொடுத்துவிட்டான். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் முடிவான பத்திரம் வராததைப் பற்றிப் புதுச்சேரியில் படித்தவர்கள் கவலைப்பட்டார்கள். பாகூர் தெய்வநாயகிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஏரிக்குக் கிழக்கே இருந்த அவளுடைய மூன்று காணியும் அதே நிலைமையில்தான் இருந்தது. புருஷன் போய் ஆறு வருஷமாக உழுவிக்கிறவள் அவள், நடுவிக்கிறவள் அவள், வரி கட்டுகிறவளும் அவள். ஆனாலும் கொழுந்தன் ஆதிமூலத்தின் வாயில் அது இன்னும் 'எங்க அண்ணன் நெலம்'தான்.

பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும் என்று வில்லியனூர் தேருக்கே கட்டை வண்டியில் போகிறவள் தெய்வநாயகி. அப்படிப்பட்டவள் ஒரு மாசி மாதத்தில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கிற ஜோடி மாட்டை விற்றுவிட்டு, கடலூரிலிருந்து பழைய மண்ணெண்ணெய் என்ஜின் ஒன்றையும் பம்பையும் வாங்கி வந்து கிணற்று மேட்டில் இறக்கினாள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. ஆதிமூலம் பார்க்க மட்டும் வரவில்லை, பேசவும் வந்தான்.

"அண்ணி, மாடு நின்னா புல்லு போடலாம். இது நின்னா இன்னா போடுவ?"

"நின்னாத்தானே தம்பி?"

"நிக்கும். இந்த சொர்ணவாரி நெல்லு கருகிச்சின்னா நெலத்தக் குத்தகைக்கு என் கையில வுட்டுடணும். சொந்தக்காரங்க முன்னால சொல்லு."

"கருகினா எடுத்துக்கோ."

சொல்லிவிட்டாள். அவளுடைய குணம் அது. மனிதர்களிடம் பேச நாலு நாள் யோசிப்பாள், சவால் என்றால் நாலு விநாடி போதும்.

என்ஜினுக்கு ஒரு கொட்டகை போட்டாள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிற வித்தையைப் பண்ணையாள் பக்கிரி பத்து நாளில் கற்றுக்கொண்டான். தெய்வநாயகி தன் பங்குக்கு வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து, என்ஜினை ஈரத் துணியால் துடைத்து, கற்பூரம் காட்டிப் பொட்டு வைத்தாள். என்ஜினுக்கு நெற்றி எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. உச்சியில் இருந்த எண்ணெய்த் தொட்டியின் பித்தளை மூடிதான் நெற்றி. குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம். தன் நெற்றிக்கு ஊர் வேண்டாம் என்று சொன்னதை என்ஜினின் நெற்றிக்கு வைத்தாள். கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். தாலியறுத்தவள் குங்குமம் தொடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். "எனக்கா வச்சிக்கறேன்? அதுக்குத்தானே," என்றதும் இருவரும் நடையைக் கட்டினார்கள்.

சித்திரையில் ஒரு நாளைக்கு அரை மணி ஓட்டினால் போதுமாக இருந்தது. ஆனி பிறந்து, ஏரி மடையில் தண்ணீர் அடியோடு நின்று, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் நாள் முழுதும் ஓட்ட வேண்டி வந்தபோதுதான் அது தன் குணத்தைக் காட்டியது. வெள்ளிக்கிழமை காலை நன்றாகக் கிளம்பும். யானை மாதிரி தண்ணீர் துப்பும். அரை மணி கழித்துச் சத்தம் இளைக்கும், இருமும், குழாயில் தண்ணீர் விரல் தடிமனுக்கு வரும், அப்புறம் நிற்கும். தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பக்கிரி மூடியைத் திறந்து பார்ப்பான், இருக்கும். மூடிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். இன்னொரு அரை மணி, மறுபடி இருமல். சனி, ஞாயிறும் இதே கதை.

"வெள்ளிக்கெழம விரதம் இருக்குதும்மா," என்றான் பக்கிரி. "அதான் தெம்பில்ல."

"விரதம் இருக்கறவ நானு. நான் நிக்கறனா?"

திங்கட்கிழமைகளில் என்ஜினைப் பழுது பார்க்கப் பிட்டர் சம்மந்தம் வருவார். வில்லியனூர்க்காரர், புதுச்சேரி ஆலை ஒன்றில் பதினைந்து வருஷம் வேலை பார்த்து, சங்கக் கொடி பிடித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டவர். சைவ நாயன்மார் பேரை வைத்துக்கொண்டு சாமி இல்லை என்று சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவர். என்ஜினைத் தொடுவதற்கு முன்னால் இடுப்பிலிருந்து கழிவுப் பஞ்சை எடுத்து, முதல் வேலையாக அந்தச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்துப் போடுவார். கொள்கைக்காக ஒரு துடைப்பு, தொழிலுக்காக ஒரு துடைப்பு.

"மெஷினுக்கு இன்னாத்துக்கும்மா பொட்டு? கல்யாணமா பண்ணப் போற?"

"நீ வேலையப் பாரு பிட்டரே."

முதல் திங்கட்கிழமை பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினார். என்ஜின் வியாழன்வரை சிங்கம்போல் ஓடியது. வெள்ளிக்கிழமை நின்றது. இரண்டாவது திங்கட்கிழமை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். வியாழன்வரை சிங்கம். மூன்றாவது திங்கட்கிழமை நெருப்புப்பொறி கொடுக்கிற மேக்னட்டோவைத் திறந்து உப்புத்தாள் போட்டார். மூன்று தடவையும் அவர் கை பட்டுத்தான் என்ஜின் ஓடியது. மூன்று தடவையும் அவர் சொன்ன காரணம் தப்பு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது வாரம் கடைசிக் காணியின் நுனிகள் மஞ்சளடித்தன. வியாழக்கிழமை ஆதிமூலம் வரப்போடு நடந்து வந்து ஒரு கதிரைப் பிடுங்கிக் கசக்கினான்.

"பாலே ஏறல அண்ணி. இந்த என்ஜினு வெள்ளக்காரன் மாதிரி. போறான்னு பாத்தா நிக்கறான், நிக்கறான்னு பாத்தா போறான். வர்ற திங்கக்கெழம என் மாட்ட ஓட்டிக்கினு வரேன். மிச்சத்தையாவது காப்பாத்தலாம். நீ சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குதுல்ல?"

"எனக்கு மறதி கெடயாது தம்பி."

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். சாப்பிட்டாள், கருவாட்டுக் குழம்பு. மறுநாள் காலையில் வழக்கம்போல் குளித்து, துடைத்து, பொட்டு வைத்தாள். வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு. வேண்டுதல் பெரிதாக இருந்தது.

என்ஜின் அரை மணி ஓடி இளைக்க ஆரம்பித்தது. தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும், புது டின்னை உடைத்து ஊற்றலாம் என்று பக்கிரி டின்னைத் தூக்கிவந்து, மூலையில் ஆணியை வைத்து அடித்து ஓட்டை போட்டு, முதலில் குடுவையில் சாய்த்தான். எண்ணெய் கொஞ்சம் வந்தது, 'களக்' என்றது, நின்றது. மறுபடி கொஞ்சம், 'களக்', நின்றது.

தெய்வநாயகிக்குக் கோபம் வந்தது. என்ஜின்மேல் காட்ட முடியாததை அவன்மேல் காட்டினாள்.

"ஏண்டா, எத்தினி வருசமா டின்னு தொறக்கற? எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போடணும்னு தெரியாது? காத்து உள்ள போனாத்தானேடா எண்ணெய் வெளிய…"

பாதியில் நிறுத்திவிட்டாள். திட்டிக்கொண்டிருந்தவள் திட்டை முடிக்காமல் விட்டதைப் பக்கிரி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். பயந்துபோய் டின்னைக் கீழே வைத்தான்.

அவள் என்ஜினிடம் போனாள். அது இருமிக்கொண்டிருந்தது. மூடியைப் பிடித்து மெல்லத் திருகினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். யாரோ நெடுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை உள்ளே இழுத்ததுபோல் இருந்தது. இரண்டு மூச்சு விடுகிற நேரம். இருமல் நின்றது. என்ஜின் கனத்த குரலில் பழையபடி அடிக்க ஆரம்பித்தது. குழாயிலிருந்து தண்ணீர் வாய்க்காலின் மறுகரைவரை பாய்ந்தது.

மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் அரிசி முனை அளவுக்கு ஒரு துளை. வெளிப்பக்கம் அந்த இடத்தில் சந்தனம் இருந்தது.

"சாமி!" என்றான் பக்கிரி.

"சாமிய இழுக்காத. வாய மூடிக்கினு இரு. திங்கக்கெழமைவரைக்கும் ஒருத்தன்கிட்டயும் மூச்சு வுடக்கூடாது."

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பொழுது சாயும்வரை என்ஜின் நிற்கவில்லை. கடைசிக் காணியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மஞ்சள் நுனிகளுக்கு அடியில் பச்சை திரும்பியது. அவளுக்குக் கண்டுபிடித்தது போதவில்லை, நிரூபிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை, வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், வாழ்க்கையில் முதல்முறையாக, வேண்டுமென்றே சந்தனம் குழைத்து மூடியை அடைத்தாள்.

ஆதிமூலம் இரண்டு மாட்டோடும், தண்ணீர் இறைக்கிற தோல் சாலோடும், கூட நாலு பேரோடும் வந்தான். சம்மந்தமும் சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கியதும் இடுப்பிலிருந்து பஞ்சு வெளியே வந்தது.

"தொடாத பிட்டரே," என்றாள் தெய்வநாயகி. "இன்னிக்கு நீ பாக்க மட்டும் செய்."

"இன்னாம்மா இது, துடைக்காம எப்பிடி…"

"அதான். துடைக்காம."

பக்கிரி சுற்றினான். கிளம்பியது. தண்ணீர் பாய்ந்தது. ஆதிமூலத்தின் மாடுகள் புங்க மரத்தடியில் அசைபோட்டன. அவன் நனைந்திருந்த வயலைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும், "ரெண்டு நாளு ஓடும். அப்புறம் படுக்கும்," என்றான்.

அரை மணி ஆனது. என்ஜின் இளைத்தது, இருமியது. தண்ணீர் குறைந்தது. ஆதிமூலம் தன் ஆட்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சால் இறக்க ஒருவன் எழுந்தேவிட்டான்.

"நின்னுடும் அண்ணி. இன்னாத்துக்கு வீம்பு?"

"நிக்கத்தான் வச்சேன் தம்பி. நல்லாப் பாத்துக்கோ."

அவள் ஈர்க்குச்சியால் பொட்டின் நடுவில் குத்தினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது அருகில் நின்றவர்களுக்குக் கேட்டது. சாகப்போன என்ஜின் இரண்டு தரம் விக்கி எழுந்தது. எழுந்த வேகத்தில் குழாயிலிருந்து சீறிய தண்ணீர் வாய்க்கால் ஓரம் நின்ற ஆதிமூலத்தின் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது. அவனோடு வந்த நாலு பேரில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மற்ற இருவர் அவனிடம் வேலை செய்கிறவர்கள்.

சம்மந்தத்துக்கு விஷயம் ஒரு நொடியில் புரிந்தது. கையைத் தட்டிக்கொண்டு எல்லோர் பக்கமும் திரும்பினார்.

"பாத்தீங்களா! நான் சொன்னப்ப எவன் கேட்டான்? சாமி அடைச்சிடிச்சி! பக்திதான் என்ஜினக் கொல்லுதுன்னு…"

"சாமி எங்க அடைச்சிச்சி? நான் அடைச்சேன். நான்தான் தொறந்தேன்," என்றாள் தெய்வநாயகி. "நீ மூணு வாரம் துடைச்சியே பிட்டரே, ஓடிச்சே, ஏன் ஓடிச்சின்னு ஒனக்குத் தெரிஞ்சிச்சா?"

சம்மந்தம் பஞ்சைப் பார்த்தார். வைத்தவளுக்கும் தெரியவில்லை, துடைத்தவருக்கும் தெரியவில்லை. ஆனால் வைத்தவள் அதை ஒப்புக்கொண்டாள். நேர்மையான மனிதர் அவர், அதனால் சத்தமாகவே சொன்னார்: "தெரியலம்மா. பதினஞ்சு வருசம் ஆலையில இருந்தேன். எனக்குத் தோணல."

"டின்னு தொறந்திருந்தா தோணியிருக்கும்."

ஆதிமூலம் வேட்டியைப் பிழிந்தான். நிலத்தைப் பற்றி அவன் ஏதாவது சொல்வான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் மாட்டை அவிழ்த்தான். அதுவே சொன்ன மாதிரிதான். ஆவணியில் மூன்று காணியும் அறுவடையாகி, களத்தில் குவியல் உயர்ந்தபோது, 'அண்ணி நெலத்துல நல்ல மாசூல்' என்று அவனே டீக்கடையில் சொன்னதாகப் பக்கிரி ஓடிவந்து சொன்னான்.

அதற்கப்புறம் தெய்வநாயகியின் வாழ்க்கை அவள் எதிர்பார்க்காத பக்கம் போனது. ஏரியைச் சுற்றி என்ஜின்கள் முளைத்தன. முளைத்தவை எல்லாம் நோயும் கொண்டன. குழாய் கசிவு, தண்ணீர் கலந்த எண்ணெய், தொட்டிக்குள் மிதந்து வந்து வழியை மறைக்கிற ஓர் அரசிலை என்று ஒவ்வொன்றும் விட்டுவிட்டுத்தான் படுத்தும். அவள் ஸ்பானரைத் தொட்டதில்லை. நின்று கேட்பாள், மூன்று கேள்வி கேட்பாள், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வாள், கழற்றுவது சம்மந்தம். சாமி உண்டு என்கிறவளும் இல்லை என்கிறவரும் ஒரே மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு. பஸ்ஸில் அவள் ஏறவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆதிமூலமும் மாட்டை விற்று என்ஜின் வாங்கினான். அவளுடையதைவிடப் பெரியது, புத்தம் புதியது. எட்டாம் நாள் அது நின்றது. ஒன்பதாம் நாள் அவளுடைய வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"அண்ணி… கொஞ்சம் வந்து பாக்கறியா?"

போனாள். சுற்றிலும் ஜனம். கொட்டகைக்கு வெளியிலேயே நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"மொதல்ல சுத்து தம்பி. நான் கேக்கறேன்."

ஆதிமூலம் சுற்றினான். கிளம்பவில்லை.

"நல்லா குனிஞ்சி சுத்து."

அவன் குனிந்து சுற்றினான்.