வசனம் இல்லாத இடங்கள்

போன வாரம் வடமதுரை டீக்கடையில் ஒரு சண்டை.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கும் ஒருவர் டில்லிச் சேதி சொன்னார். அங்கே ரேடியோ மாதிரி ஒரு பெட்டி வந்திருக்கிறதாம். பாட்டு கேட்பதோடு, பாடுகிறவரின் முகமும் அதில் தெரியுமாம். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாமாம். பெயர் டெலிவிஷன்.

"வீட்டுக்குள்ள எப்படிப்பா யானை வரும்?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்.

"யானை வராதுண்ணே. யானையோட படம் வரும்."

"இம்புட்டுப் பொட்டிக்குள்ளயா?"

"சின்னதாத் தெரியும்."

"ஆட்டுக்குட்டி தண்டி யானையப் பாக்க டில்லிக்குப் போகணுமாக்கும்? நம்ம அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனா குட்டியவே பாத்துட்டு வந்துரலாமே."

கடையே சிரித்தது. பட்டாளத்துக்காரர் முகம் சுருங்கிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை. படுத்த இடத்தில் இருந்தே படம் பார்க்கிற வித்தை, டில்லிக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பெட்டி... நான்தான்.

சொல்கிறேன்.

நான் ஆட்டுத் தரகன். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு சேதி. சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. கைகளுக்கு மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது. வாய் சும்மா இருக்கும். கண் மட்டும் எதிராளியின் முகத்தில் இருக்கும். இருபது வருஷம் இப்படிப் பிழைத்தால் பேச்சு என்ன ஆகும்? எனக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது.

என் மனைவி மூக்கம்மா நேர் எதிர். பேச்சும் நிறைய, சினிமாவும் நிறைய. எங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டால், மணலைக் கூட்டி மேடாக்கி முதல் ஆளாக உட்காருவாள். ஒரு படத்தை விடமாட்டாள்.

இது சில வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது வீட்டில் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் ஐந்தாம் மாதம் போய்விட்டது. மூன்றாவது தடவை அவளைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறக்கிற வரை படுக்கைதான். நடக்கக் கூடாது. குனியக் கூடாது. "இதுவும் போச்சுன்னா, அடுத்து ஒண்ணை நான் எதிர்பார்க்க மாட்டேன்" என்றார்.

மூக்கம்மா கயிற்றுக் கட்டிலில் படுத்தாள். பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா சோறும் வெஞ்சனமும் ஆக்கிக் கொடுத்தது. எல்லாம் சரியாகத்தான் போயிற்று... கொட்டகைக்காரர்கள் வரும் வரை.

அந்த வருஷம் பார்த்து எங்கள் வீட்டுக்குப் பின்னால், அறுத்த வயலில் கொட்டகை போட்டுவிட்டார்கள். சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். படம் தெரியாது. வேலி ஓரம் போய் எக்கி நின்றால் தட்டி இடுக்கில் திரையின் ஒரு மூலை தெரியும். அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் சந்தையிலிருந்து வருகிறேன். கட்டில் காலி. மூக்கம்மா வேலிக் காலைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருக்கிறாள். கால் வெடவெடவென்று நடுங்குகிறது.

"ஏ புள்ள!" என்றேன்.

"சத்தம் போடாதீங்க. அவன் ஊருக்குப் போறான்" என்றாள், திரும்பாமலே.

தூக்காத குறையாகக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். அழுதாள்.

"காதுல மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடந்தா பைத்தியம் புடிக்குதுங்க."

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். நீ எந்திரிக்கக் கூடாது."

அழுகை நின்றுவிட்டது. "நீங்க? சொல்லுவீங்களா?" என்று சிரித்தாள்.

"சொல்றேன்."

"அப்ப நானும் எந்திரிக்க மாட்டேன்."

ஒப்பந்தம் முடிந்தது. மறுநாள் முதல் ஆட்டம் பார்த்தேன். காலையில் கட்டில் பக்கம் உட்கார்ந்து கதை சொன்னேன்.

"புருசன் ஊருக்குப் போனான். இவ அழுதா. அவன் திரும்பி வந்தான். படம் முடிஞ்சிருச்சு."

ராக்காயி அக்கா கஞ்சிச் சட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "ஏப்பா, இதுக்கா டிக்கெட் எடுத்துப் போன? போஸ்டரப் பாத்தே நான் இதச் சொல்லியிருப்பனே!"

மூக்கம்மா கோபப்படவில்லை. "அதெல்லாம் எனக்கே கேட்டுச்சுங்க. பேசுனது பூராவும் மனப்பாடம். அவுக பேசாத எடத்த மட்டும் நீங்க சொல்லுங்க."

"பேசாத எடமா?"

"அவன் திரும்பி வந்து கதவத் தட்டுறான். கதவு தொறக்குது. அப்பறம் செத்த நேரம் ஒரு பேச்சும் இல்ல. பிடிலு மட்டும் வாசிக்கிறாங்க. பெறகு 'வாங்க'ன்னு ஒரே வார்த்தை சொல்றா. அந்தச் செத்த நேரத்துல என்ன நடந்துச்சு?"

அந்தச் செத்த நேரத்தில் நான் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கல" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மறுபடியும் அதே படத்துக்குப் போனேன். பீடிக் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கதவு தட்டும் கட்டம் வந்தது. சந்தையில் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

காலையில் சொன்னேன். "கதவத் தொறந்தவ அவன் மூஞ்சியப் பாக்கல. கீழ காலைத்தேன் பாத்தா. செருப்பு இல்ல. முழங்கால் வரைக்கும் புழுதி. பாத்துட்டு, ஒரு பக்கம் நகந்து நின்னுக்கிட்டா. அதுக்கப்பறம்தான் தலையத் தூக்குனா."

மூக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"செருப்பு இல்லியா?"

"இல்ல."

"அதான்... கையில காசில்லாம நடந்தே வந்திருக்கான்னு தெரிஞ்சு, வேற ஒண்ணும் கேக்காம 'வாங்க'ன்னு மட்டும் சொல்லியிருக்கா."

இரண்டு தடவை பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. பார்க்காதவளுக்குத் தோன்றிவிட்டது!

அத்தனை வருஷமாக மனுஷர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எதற்கு? இவன் இரண்டு ரூபாய் இறங்குவானா என்று கண்டுபிடிக்க. ஒரு முகத்தில் அதைத் தவிர வேறு சங்கதியும் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு தினமும் போனேன். மூன்று நாளைக்கு ஒரு படம் மாறும். கெட்டவன் பொய் சொல்வதற்கு முன்னால் மீசையைத் தடவுவதைச் சொன்னேன். மகள் புருஷன் வீட்டுக்குப் போனதும், அப்பன்காரன் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஒரு சோகக் காட்சியில் பின்னால் ஒரு வெள்ளாடு மேய்ந்தது. அதையும் சொன்னேன்.

"என்ன வெலை பெறும்?" என்று கேட்டாள்.

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "படுத்துக்கிட்டு அப்படிச் சிரிக்காதடி" என்று ராக்காயி அக்கா அதட்டியது.

ஐந்தாம் மாதம் தாண்டியது. ஆறு. ஏழு. வேலிப் பக்கம் அவள் போகவே இல்லை.

எட்டாம் மாதம். ஒரு புதுப் படம். பெயர் வேண்டாம்... எடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். புருஷன் கப்பலேறிச் சிலோனுக்குப் போகிறான். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். அவனிடமிருந்து காகிதம் வரவில்லை. இந்த இடத்தில் ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். அப்போது திரையில் ஒரு ஸ்லைடு விழுந்தது. கண்ணாடியில் மசியால் அவசரமாக எழுதிய கோணல் எழுத்து:

'ஆட்டுத் தரகர் உடனே வீட்டுக்கு வரவும்.'

வெள்ளித்திரையில் நான் வந்தது அந்த ஒரு தடவைதான். விசில்கூட அடித்தார்கள். நான் ஓடினேன்.

வாசலில் ராக்காயி அக்கா நின்றது. "வலி எடுத்துருச்சுப்பா. நாள் இன்னும் ஒரு மாசம் கெடக்கே... திண்டுக்கல்லுக்குக் கொண்டு போயிரு."

அந்த நேரத்துக்கு பஸ் ஏது? கொட்டகையில் ஒரு மாட்டு வண்டி உண்டு. பகலில் இரண்டு பக்கமும் போஸ்டர்த் தட்டி கட்டி, தமுக்கடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வண்டி. ஓட்டுகிறவன் சடையன். தட்டியை அவிழ்க்கக்கூட நேரமில்லை. வைக்கோலைப் பரப்பி மூக்கம்மாவைப் படுக்க வைத்தோம். ராக்காயி அக்கா தலைமாட்டில் ஏறிக்கொண்டது. நான் சடையனுக்குப் பக்கத்தில், அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அரிக்கேன் விளக்கு முன்னால் தொங்கியது.

பதினோரு மைல். வேகமாக விரட்டினால் தூக்கிப் போடும். மெதுவாகப் போனால் நேரம் ஆகும். மெதுவாகத்தான் போனோம்.

மூக்கம்மா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதுவும் போயிருமாங்க?" என்றாள்.

நான் அரிக்கேன் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டேன்.

அவளே பேச்சை மாற்றினாள். "விட்ட எடம் வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு. காகிதம் வரல. அதுக்கு மேல என்ன?"

"பாக்கலையே புள்ள. அதுக்குள்ள கூப்பிட்டாக."

"சடையா, நீ திண்டுக்கல்லயே பாத்தவன்தான. அவ புள்ள பொழைக்குதா?"

சடையன் திரும்பினான். விளக்கு வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. வாயைத் திறந்தான். அந்த முகம் போதும் எனக்கு. முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன்.

தோளில் கிடந்த துண்டை அவன் கைமேல் போட்டேன். உள்ளே விரலை இறுக்கிப் பிடித்தேன். அவனும் சந்தைக்குப் போய் வருகிற ஆள்தான். வாயை மூடிக்கொண்டான்.

"நான் பாக்கலன்னாலும், சடையன் எங்கிட்ட நேத்தே பூராவும் சொல்லிட்டான். நான் சொல்றேன், கேளு. புள்ள பொழைக்குது" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமா மதினி" என்றான் சடையன். "கொழுகொழுன்னு இருக்கும்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுலே" என்றேன்.

பிறகு நான் பேசினேன். அந்தப் பதினோரு மைலில் பேசியதை அதற்கு முன் பதினோரு வருஷத்தில் பேசியிருக்க மாட்டேன். காகிதம் எப்படித் தாமதமாயிற்று, தபால்காரர் எந்தத் தெருவில் தேடினார், மாமியார்க்காரி அதை எங்கே ஒளித்தாள், பெண்டாட்டி அதை எந்தக் கையால் வாங்கினாள், பிரிக்காமல் எவ்வளவு நேரம் வைத்திருந்தாள்... எல்லாம் சொன்னேன். வலி வரும்போது நிறுத்துவேன். வலி விட்டதும் "ம்..." என்பாள். தொடருவேன். ஒரு பள்ளத்தில் சடையன் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"அண்ணே, அப்பறம் அந்த மாமியாக்காரி என்ன ஆனா?"

படம் பார்த்தவன் கேட்கிறான்!

திண்டுக்கல் பாறை தெரிந்தபோது புருஷனைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அதற்குச் சம்பந்தமும் பேசத் தொடங்கியிருந்தேன்.

விடியும்போது பெண் பிறந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டாக்டரம்மா அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். "தேறிடும்" என்றார்.

வெளியே சடையன் வண்டியடியில் உட்கார்ந்திருந்தான். சேதியைச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, படத்துல புள்ளயும் செத்துரும், தாயும் செத்துரும்" என்றான்.

"தெரியும்லே" என்றேன்.

சினிமா பார்த்து ஜனங்கள் கெட்டுப் போகிறார்கள் என்று சில பேர் பத்திரிகைக்கு எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்குப் பேச்சு வந்தது அதனால்தான். பட்டாளத்துக்காரர் சொன்ன பெட்டியும் சீக்கிரம் வரட்டும். எழுந்திருக்க முடியாமல் எத்தனை வீட்டில் எத்தனை பேர் படுத்துக் கிடக்கிறார்கள்! ஒரே ஒரு குறை. அது உள்ளதை உள்ளபடிதான் காட்டும்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. முந்தாநாள் அதே சிலோன் படம், இந்த வருஷமும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் கொட்டகைக்குத் திரும்பி வந்தது. பழைய படம்தான், சுற்றிச் சுற்றி வரும். "போகாத" என்று எதைச் சொல்லித் தடுப்பது? மூக்கம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். எல்லாம் கேட்டது. கப்பல் சங்கு. காகிதம் வராத அழுகை. கடைசியில் பேச்சு நின்றது. பிடில் மட்டும் வாசித்தார்கள். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கொட்டகையில் இருந்த பெண்கள் மொத்தமாக அழுத சத்தம் வீடு வரைக்கும் வந்தது.

இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மூக்கம்மா மகளைப் படுக்க வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஏழு வருஷத்துப் பொய். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"எப்படி?"

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"படம் எடுத்தவனுக்குக் கதை சரியாத் தெரியலங்க."