குறடும் துறவியும்

பல் டாக்டருக்கு ஊரில் இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் பிடுங்காத பல் அந்தத் தெருவில் இல்லை. இன்னொன்று, அடுத்தவர் வலியை அவரளவு பொறுமையாகத் தாங்குகிறவர் யாருமே கிடையாது. நாற்காலியில் கிடப்பவர் காலை உதறினாலும், "எறும்பு கடிச்ச மாதிரிதான், சும்மா இருங்க" என்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தியாகியாக வேண்டும் என்ற ஆசை வந்தது.

பக்தி மன்றத்தில் ஒரு செய்யுள் நாடகம் போட்டார்கள். அரசன் ஆசை காட்டுவான். துறவி மசிய மாட்டார். சித்திரவதை செய்வார்கள், முனக மாட்டார். கடைசியில் தலை போகும். நாடகத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய பல்செட் டாக்டர் கைவசம் இருந்ததால், துறவி வேடம் யாருக்கென்று பெரிய விவாதம் எழவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் டாக்டருக்குத் தலையணை ஆகாது, மின்விசிறி ஆகாது. "துறவிக்குச் சுகம் எதுக்கு?" என்றார். "அப்போ பாத்திரத்தைக் கழுவுங்க" என்றாள் மனைவி. அது துறவில் சேராதாம்.

ஒத்திகையில் சித்திரவதைக் காட்சிக்கு வைத்திருந்த அட்டைக் குறடைப் பார்த்து முகம் சுளித்தார். "இதைப் பாத்தா யாருங்க நம்புவாங்க? நெசக் குறடே கொண்டு வாங்க!"

நாடகத்தன்று அரங்கில் நிற்க இடமில்லை. பாதிக் கூட்டம் பக்தர்கள். மீதி அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள். அரசனாக வந்தவர் அவருடைய மச்சினர், சோபாக் கடைக்காரர். தொழில் பழக்கமோ என்னவோ, குரல் குழைந்தது:

"மஞ்சமும் தருவேன், மகுடமும் தருவேன்,
கொஞ்சமே தலையைக் குனிந்தால் போதும்!"

டாக்டர் கர்ஜித்தார்: "தலையையே தருவேன், தலைகுனிய மாட்டேன்!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

பிறகு அரசனின் கொலைச் சேவகர் வந்தார். பஸ் கண்டக்டர், கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் பறிகொடுத்தவர். நிஜக் குறடால் துறவியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, நாடகத்தில் இல்லாத ஒரு வரியை மிக மரியாதையாகச் சொன்னார்:

"எறும்பு கடிச்ச மாதிரிதான் டாக்டர், சும்மா இருங்க."

ஒரே ஒரு அழுத்து.

"ஐயோ அம்மா! விடுய்யா! மச்சான், நீங்க சொன்னதுக்கே வந்துடறேன், இவனை விடச் சொல்லுங்க!"

அரசனுக்குச் செய்யுள் மறந்துபோனது. திரைக்குப் பின்னாலிருந்து தலைமையாசிரியர், "மாட்டேன்னு சொல்லுய்யா! மாட்டேன்!" என்று அலறினார். துறவி குறடிலிருந்து விரலை உருவுவதிலேயே இருந்தார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாடகர் குழுவுக்கு மட்டும் விஷயம் எட்டவில்லை. குறித்த நேரத்தில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். உயிரோடு இருந்த தியாகி, விரலை ஊதிக்கொண்டே தன் சாவுப்பாட்டை முழுசாகக் கேட்டார்.

வீட்டில் மனைவி விரலுக்கு மருந்து தடவினாள். அவர் மெல்லக் கேட்டார்:

"நடிப்பு எப்படி இருந்துச்சு?"

"முதல்ல யாரோ நடிச்சிட்டிருந்தாங்க" என்றாள் அவள். "அப்புறம்தான் நீங்க வந்தீங்க."